ஏ-யா, எஃப்-ஆ? விமானத்தில் ஜன்னல் சீட்டு எந்தப் பக்கம் எடுப்பது

ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டுகிறவர்கள்கூட அது எந்தப் பக்கத்து ஜன்னல் என்று பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்குக் காலை விமானத்தில் ஏ சீட்டில் உட்கார்ந்தால் வழி நெடுக முகத்தில் வெயிலும், பாதிக்கு மேல் வெறும் வங்காள விரிகுடாவும்தான். அதே வரிசையில் எஃப் சீட்டில் இருப்பவர் புதுச்சேரி, பிச்சாவரம், கொள்ளிடம் முகத்துவாரம், கோடியக்கரை, நெடுந்தீவு, ராமர் பாலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். சீட்டு விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அக்கா வெள்ளவத்தையில் இருப்பதால் கொழும்புக்கும், மருந்துக் கம்பெனி வேலை என்பதால் மதுரை, கோவைக்கும் நான் அடிக்கடி பறக்கிறவன். எந்தப் பக்கம் உட்காரலாம் என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். ஊர் ஊராக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோடு, தூரம், வெயில், இந்த மூன்றையும் பார்த்தால் எந்த ஊருக்கும் நீங்களே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் எழுத்துக் கணக்கு. விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் ஏ. மூன்று மூன்று சீட்டாக உள்ள ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளில் வலது ஜன்னல் எஃப். மதுரை, தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் இரண்டிரண்டு சீட்டுதான். அங்கே பெரும்பாலும் ஏ, சி, டி, எஃப் என்று எழுதியிருப்பார்கள், அதிலும் ஏ இடது, எஃப் வலது. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் வலது ஜன்னல் பெரும்பாலும் கே.

சரி, கோட்டுக்கு வருவோம். கூகுள் மேப்பில் கிளம்பும் ஊரிலிருந்து போகும் ஊருக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். தூரம் அளக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விமானம் எப்போதும் நேர்கோட்டில்தான் போகும் என்று இல்லை. அதனால் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்கள் அது போன தடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் ஏமாந்துவிடுவார்கள். உருண்டையான பூமியில் குறுக்குவழி வடக்கே வளைந்து போகும். அவர்கள் தடத்தையே நம்புவது நல்லது.

அடுத்தது தூரம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கோடு ஒரு ஊரின் மேலேயே போனால் அந்த ஊர் நன்றாகத் தெரியும் என்று நினைப்பார்கள். தெரியாது. விமான ஜன்னல் பக்கவாட்டில்தான் பார்க்கவிடும், நேர் கீழே இருப்பது வயிற்றுக்கு அடியில் போய்விடும். ஜெட் விமானம் 10 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது கோட்டிலிருந்து 10 கி.மீ.க்குள் இருப்பதைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டும். 15 முதல் 50, 60 கி.மீ. வரை தள்ளி இருப்பதுதான் வசதியாகக் கண்ணில் விழும். அதற்கு மேல் போனால் ஊர், வயல், ஆறு எல்லாம் புகைமூட்டத்தில் கலங்கிவிடும். பனிமலை மட்டும் விதிவிலக்கு, 100 கி.மீ. தாண்டியும் பளிச்சென்று நிற்கும்.

கொழும்புக் கோட்டை இந்த அளவில் வைத்துப் பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குக் கோடு ஏறக்குறைய நேர் தெற்கு, மேற்கே கொஞ்சம் சாய்வு. நம் கிழக்குக் கரை முழுவதும் அந்தக் கோட்டுக்கு வலது பக்கத்தில் ஓடுகிறது. புதுச்சேரி 30 கி.மீ. தள்ளி. பிச்சாவரம் 30 கி.மீ.க்குச் சற்று அதிகம். கோடியக்கரை 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே கோடு போகிறது என்பதால் யாழ் நகரம் காலடியில் மறைந்துவிடும், ஆனால் நெடுந்தீவு 30 கி.மீ. தாண்டி வலதில் தனியாகக் கிடக்கும். தலைமன்னார் முனை 25 கி.மீ. போல, தனுஷ்கோடி 55, 60. அப்புறம் புத்தளம் களப்பு என்கிற காயலும், அதைக் கடலிலிருந்து பிரிக்கும் கற்பிட்டித் தீபகற்பமும் 20 கி.மீ.க்குப் பக்கத்தில். இதற்கு மேல் ஒரு கோட்டில் என்ன கேட்பது?

எனக்கு இதில் பிடித்தது கோடியக்கரைத் திருப்பம். சென்னையிலிருந்து தெற்கே ஓடிவந்த கரை அங்கே சட்டென்று செங்கோணமாக மேற்கே மடங்கும். பள்ளிக்கூட அட்லஸில் பார்த்த அதே மூலை, கோடு பிசகாமல் இருக்கும். மடக்குக்குச் சற்று முன்னால் வேதாரண்யம் உப்பளங்கள். மார்ச், ஏப்ரலில் பார்த்தால் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும். புதிதாகத் தண்ணீர் விட்டது சாம்பல், சுண்டிக்கொண்டிருப்பது பழுப்பு, இன்னும் சுண்டியது இளஞ்சிவப்பு, உப்பு வாரிக் குவித்த வரப்பில் வெள்ளைப் புள்ளிகள். மழை மாதங்களில் இது எதுவும் இருக்காது, எல்லாம் ஒரே ஏரிபோல் கிடக்கும். கோடியக்கரை தாண்டியதும் பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ராமர் பாலத்து மணல்திட்டுகள் அதற்குப் பிறகுதான் வரும். தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் கடல் பச்சையாக வெளுத்து, நடுநடுவே மணல் தலைகாட்டும். மேகம் இல்லாவிட்டால் தலைமன்னார்ப் பக்கத்துத் திட்டுகளைத் தனித்தனியாகவே பார்க்கலாம்.

மூன்றாவது வெயில். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால், அதாவது எதிர்ப் பக்க ஜன்னல் வழியே விழ வேண்டும். அப்போதுதான் நீங்கள் பார்க்கும் பக்கத்தில் நிலத்துக்கு நிறம் இருக்கும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாம் வெள்ளைப் பூச்சு, போதாததற்குக் கண்ணாடியில் உள்ள கீறல்கள் வேறு மின்னும். தெற்கே போகும் காலை விமானத்துக்குச் சூரியன் இடப்பக்கம், கரை வலப்பக்கம். அதனால் காலையில் எஃப் இரண்டு வகையிலும் சரி. மாலை விமானத்தில் கரையும் சூரியனும் ஒரே பக்கம் வந்துவிடும். படம் எடுக்க அது மோசம். ஆனால் ஐந்து மணி வெயிலில் களப்பும் முகத்துவாரமும் தகடாக மின்னும்போது வெறும் கண்ணுக்கு அது வேறொரு அழகு. எனக்கு வாய்ப்பிருந்தால் காலைதான். அக்காவின் வீட்டுக்காரர் மாலைக் கட்சி, அவரோடு இதைப் பேசி முடிக்க முடியாது.

திரும்பி வரும்போது எழுத்தும் திரும்பும். கரை எப்போதும் மேற்கேதான் இருக்கிறது. வடக்கே பார்த்து வரும்போது மேற்கு இடது கைப் பக்கம், ஆகவே ஏ. போக எஃப், வர ஏ.

நிழல் பக்கத்தில் உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. கீழே மேகம் விரிந்திருந்தால் விமானத்தின் நிழல் அதன்மேல் ஓடும், நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு சின்ன வானவில் இருக்கும். சூரியனுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில்தான் அது விழும், வெயில் பக்கம் உட்கார்ந்தவருக்குக் கிடையாது. மேகம் மறைக்கிறதே என்று நொந்துகொள்ளும் நாளில் இதுவாவது மிஞ்சும்.

கிழக்கு மேற்காகப் பறக்கும்போது வெயில் கணக்கு கொஞ்சம் சிக்கல். தெற்குப் பக்கம்தான் வெயில் அடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டிசம்பர், ஜனவரியில் சரி. ஆனால் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் மே, ஜூனில் மத்தியான நேரத்துக் கோவை விமானத்துக்கு வெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மலையை மட்டும் பாருங்கள். கோவைக்கு எஃப் நல்லது. மேட்டூர் நீர்த்தேக்கம் வலதில் 30 கி.மீ. போல் வரும், இறங்கும் நேரத்தில் நீலகிரியும் அந்தப் பக்கம்தான். ஏற்காடு கோட்டுக்கு அடியிலேயே இருப்பதால் எந்தப் பக்கமும் சரியாகத் தெரியாது.

மதுரைக்கு ஏடிஆர் கிடைத்தால் விடாதீர்கள். நேரம் கூடுதல், சத்தம் கூடுதல், ஆனால் அது தாழப் பறக்கும். ஜெட் பறக்கும் உயரத்தில் பாதியளவுதான் என்பதால் தூரக் கணக்கையும் பாதியாக்கிக்கொள்ளலாம், 8 கி.மீ. தள்ளி இருப்பதுகூட நன்றாகத் தெரியும். சென்னை–மதுரைக் கோடு திருச்சியை உரசிக்கொண்டு போகிறது, ஸ்ரீரங்கம் அதற்குச் சற்றே வலதில். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவே தீவை விட்டுப்போகும் அமைப்பு முழுசாகக் கண்ணில் விழும். தீவுக்குள் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். தெற்கு விளிம்பில் 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரம், 236 அடி, மேலிருந்து பார்த்தால் கோபுரத்தைவிட அதன் நிழல்தான் முதலில் தெரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு போனால் இரண்டு ஆறும் பளபளக்கும், மே மாதம் போனால் அகலமான மணல் பட்டைகள்தான். காலையில் இதற்கும் எஃப்தான், வெயில் இடப்பக்கம் போய்விடும். அதற்கு முன்பு செஞ்சி மலைகளும் அதே பக்கம் வரும், ஆனால் 30 கி.மீ. தள்ளி என்பதால் ஏடிஆர் உயரத்திலிருந்து பாறைக் குவியல்களாகத்தான் தெரியும்.

இமயமலைக்கு வெயில் கணக்கு மிகச் சுலபம். இந்தியப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மலை வடக்கே, சூரியன் பெரும்பாலும் தெற்கே. ஆகவே மலைமுகம் வெளிச்சமாகவே இருக்கும். டெல்லியிலிருந்து காத்மாண்டுக்கு ஏ. தௌலகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091, மனாஸ்லு 8,163, இதே வரிசையில் மேற்கிலிருந்து கிழக்காக வரும். தௌலகிரி கோட்டிலிருந்து 90 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஆனாலும் சிகரம் கிட்டத்தட்ட உங்கள் கண் மட்டத்தில் நிற்கும். கீழே குனிந்து தேடாதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள். மேகம் என்று நினைத்து விட்டுவிட்டது நகராமல் அங்கேயே நின்றால் அதுதான் மலை. எவரெஸ்ட் இந்த வழியில் இல்லை, காத்மாண்டுக்கு இன்னும் கிழக்கே. எவரெஸ்டுக்காகவே ஜன்னல் எடுப்பதென்றால் டெல்லியிலிருந்து, மேற்கு வங்கத்தின் வடக்கே உள்ள பாக்டோக்ராவுக்கு, அதற்கும் ஏ. மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்தாற்போல் இருக்கும்.

கொல்கத்தாவிலிருந்து பாக்டோக்ரா போகிறவர்கள்தான் பாவம். காஞ்சன்ஜங்கா அவர்களுக்கு நேர் முன்னால் நிற்கிறது. விமானியைத் தவிர யாருக்கும் தெரியாது. இறங்குவதற்காக விமானம் திரும்பும் நேரத்தில் எந்தப் பக்கம் மலை வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். கோட்டின் நுனியில் இருக்கும் இடத்துக்காக ஜன்னலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

லடாக்கில் உள்ள லேக்குப் போகும் விமானத்துக்கு ஆளுக்கொரு கருத்து. டெல்லியிலிருந்து கோடு ஏறக்குறைய நேர் வடக்கு, இரண்டு பக்கமும் பனிமலைதான். லேயில் பிற்பகலில் காற்று வலுக்கும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், அப்படியானால் வெயில் வலப்பக்கம். ஆகவே போகும்போது ஏ என்பது என் கட்சி. நுன், குன் சிகரங்கள் அந்தப் பக்கம். எஃப் சொல்கிறவர்கள் த்சோ மோரிரி ஏரிக்காகச் சொல்கிறார்கள். அது 80 கி.மீ. தள்ளி எதிர்வெயிலில், எனக்கு ஒத்துவராது. திரும்பும்போதும் காலை விமானம் என்றால் எஃப்.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு இரண்டு மணி நேரம் வெறும் கடல், கடைசிப் பத்து நிமிடம்தான் காட்சி. நேர்கோட்டின்படி வடக்கு சென்டினல் தீவு வலப்பக்கம் வரும். அந்தத் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் படகில்கூடப் போகத் தடை என்பதால் நாம் பார்க்க முடிகிற வழி இது ஒன்றுதான். காடும் அதைச் சுற்றி வெள்ளை நுரையாகப் பவளத்திட்டு விளிம்பும் தெரியும். லேயும், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் அந்தமானின் போர்ட் பிளேரும் படைத்துறையோடு சேர்ந்த விமான நிலையங்கள். அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் படம் எடுக்காதீர்கள், பணியாளர்கள் ஜன்னலை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். தகராறு செய்து பிரயோஜனமில்லை.

பக்கம் முடிவானதும் வரிசை. ஏர்பஸ், போயிங் இரண்டிலும் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் கீழே முழுவதும் இறக்கைதான். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே சிறந்தவை. பின்னால் உட்கார்ந்தால் என்ஜினிலிருந்து வரும் சூடான காற்றில் காட்சி அலையாடும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் படத்தில் தெரியும். பின்னால்தான் கிடைக்கிறது என்றால் கடைசி நாலைந்து வரிசைக்குப் போய்விடுங்கள். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. என்ஜினும் சக்கரப் பெட்டியும் மட்டும் நடுவில் மறைக்கும், பின்பாதி நல்லது.

இன்னொரு வில்லங்கம், ஜன்னல் சீட்டு என்று பணம் வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டுவது. போயிங் 737-இல் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஜன்னலே வைப்பதில்லை. இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால், 9, 10, 11 வரிசைகளில் எங்காவது இது இருக்கும், விமானத்துக்கு விமானம் மாறும். மற்ற வரிசைகளிலும் சீட்டும் ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கும் என்று நம்ப முடியாது. ஜன்னல்களுக்கு இடையே உள்ள இடைவெளி விமானம் கட்டும்போதே முடிவானது, சுமார் 20 அங்குலம். சீட்டுக்கு இடையே உள்ள இடைவெளியை விமானக் கம்பெனி தன் இஷ்டப்படி 28, 30 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறது. இரண்டும் எப்படிச் சேரும்? சில வரிசையில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும். முன்பு அதே வகை விமானத்தில் உட்கார்ந்தபோது நன்றாக இருந்த வரிசை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நான் செய்வது.

படம் எடுப்பதற்குச் சில வார்த்தை. போனைக் கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள், ஆனால் முட்டுக்கொடுக்காதீர்கள், அதிர்வு படத்தில் ஏறிவிடும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவில் போலரைசர் வடிகட்டி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், ஜன்னல் பிளாஸ்டிக்கில் வர்ணப் பட்டைகள் வரும். ஜன்னலின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை தெரியும். காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவதற்கு வைத்தது அது. அதைச் சுற்றித்தான் பனித்துகள் படியும், அந்த இடத்தைத் தவிர்த்து எடுங்கள். கீழே இருப்பது எந்த ஊர் என்று தெரியவில்லையா? கிளம்பும் முன்பே அந்தப் பகுதி வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில்கூட ஜிபிஎஸ் வேலை செய்யும். ஜன்னலோரம் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் நீலப் புள்ளி வந்துவிடும்.

கடைசியாகச் சென்னையில் இறங்குவது. இது காற்றைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடல் பக்கமிருந்து இறங்கினால் அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகே கரையைக் கடப்பீர்கள். அப்போது சாந்தோமும் மெரினாவும் எஃப் பக்கம், பெசன்ட் நகரும் கிண்டிக் காடும் ஏ பக்கம். மேற்கிலிருந்து இறங்கினால் செம்பரம்பாக்கம் ஏரி ஏ பக்கம். கொழும்பிலிருந்து ஏ சீட்டில் வந்து, செம்பரம்பாக்கம் வழியாக இறங்கினால் கணக்கு முழுசாகத் தேறியது. கடல் வழியாக இறங்கினால் மெரினாவை எஃப்-காரர் கொண்டுபோய்விடுவார், அவரும் பாவம் அதுவரை வெறும் கடலைத்தானே பார்த்துக்கொண்டு வந்தார்.